குன்றுகளின் நகரம் – 5: பீடத்தின் பின்னே ஒரு ரகசியம்

சென்ற வாரம்: உகாண்டாவின் புகழ்பெற்ற பாடகர் ஃபில்லி லுடாயா 1989-இல் சுவீடனிலிருந்து தாயகம் திரும்பி, தனக்கு எய்ட்ஸ் இருப்பதை ஊரறியச் சொன்னார். பலர் நம்பவில்லை. காசு வாங்கிக்கொண்டு நடிக்கிறார் என்றார்கள். மெலிந்த உடலோடு பள்ளிகளுக்கும் ஆலயங்களுக்கும் போய்ப் பேசிய அந்த மனிதர், அதே ஆண்டு டிசம்பர் 15 அன்று கண்மூடினார். ஒரு பாடகர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். மக்களுக்கு நீதி சொல்லும் பீடத்தில் நிற்பவர்களில் யாராவது அப்படிச் சொல்வார்களா?

* * *

1991, ஏப்ரல் மாதம்.

உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவுக்குக் கிழக்கே முக்கோனோ என்ற ஊரில் பிஷப் டக்கர் இறையியல் கல்லூரி இருந்தது. ஆங்கிலிக்கன் சபையின் குருவானவர்களை உருவாக்கும் இடம். அந்தக் கல்லூரியைச் சேர்ந்த கிடியோன் பியாமுகிஷா என்ற இளைஞர், முப்பதைத் தாண்டிய கொஞ்ச நாளில் மனைவி கெலனைப் பறிகொடுத்தார். மடியில் ஒரு சின்னப் பெண் குழந்தை. மனைவியை எந்த நோய் கொண்டுபோனது என்பது அவருக்கு முழுதாகத் தெரியாது.

அந்த நாளில் உகாண்டாவில் சாவு வீட்டில் யாரும் நோயின் பெயரைக் கேட்பதில்லை. கேட்டாலும் யாரும் சொல்வதில்லை. 'நீண்ட நாளாக உடம்பு சரியில்லை' என்ற ஒரு வரி எல்லா மரணத்துக்கும் போதுமானதாக இருந்தது. இரங்கல் உரை ஆற்றும் குருவானவருக்கும் தெரியும், கேட்டுக்கொண்டிருக்கும் சபைக்கும் தெரியும். ஆனாலும் அந்தச் சொல் மட்டும் யார் வாயிலிருந்தும் வராது.

ஏறக்குறைய ஆறு மாதம் ஓடியது. ஒருநாள் நெருங்கிய உறவுப் பெண் ஒருவர் கிடியோனிடம் அதுவரை மறைத்துவைத்திருந்த செய்தியைச் சொன்னார். கெலன் இறப்பதற்குச் சற்று முன் எடுத்த இரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது.

மனைவிக்கு இருந்தது என்றால், கணவனுக்கு?

* * *

அவர் பரிசோதனைக்குப் போவதற்கு முன், அவர் நின்றிருந்த மண்ணை நாம் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

கம்பாலா குன்றுகளின் நகரம். ஒவ்வொரு குன்றிலும் ஒரு சமயம் குடியிருக்கிறது. நமிரெம்பே குன்றில் ஆங்கிலிக்கன் பேராலயம். ருபாகா குன்றில் கத்தோலிக்கப் பேராலயம். கிபுலி குன்றில் வெள்ளை மினாராக்கள் கொண்ட பள்ளிவாசல். ஞாயிறு காலையில் இரண்டு குன்றுகளின் மணிகளும் ஒன்றையொன்று கேட்கும். வெள்ளிக்கிழமை மதியம் மூன்றாவது குன்றிலிருந்து பாங்கு ஒலிக்கும்.

கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் இந்தக் குன்றுகள் ஒன்றையொன்று சுட்டுக்கொண்ட காலமும் உண்டு. 1880-களின் இறுதியில் முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே புகாண்டா அரசின் அரியணைக்கான போர் நடந்தது. பிறகு 1892 ஜனவரி 24 அன்று, புராட்டஸ்டண்டு அணியும் கத்தோலிக்க அணியும் மெங்கோ குன்றில் மோதிக்கொண்டன. பிரிட்டிஷ் கேப்டன் லுகார்டின் மேக்சிம் இயந்திரத் துப்பாக்கி புராட்டஸ்டண்டுகளின் பக்கம் நின்றது. ருபாகா குன்றின் ஆலயம் எரிந்தது. அதன் பிறகு பதவி, நிலம், பள்ளிக்கூடம், மருத்துவமனை எல்லாமே சமயக் கணக்குப் பார்த்துப் பிரிக்கப்பட்டன. ஆங்கிலிக்கன்களுக்கு 1897-இல் டாக்டர் ஆல்பர்ட் குக் தொடங்கிய மெங்கோ மருத்துவமனை. கத்தோலிக்கர்களுக்கு ருபாகாவும், அயர்லாந்துக் கன்னியர் மதர் கெவின் 1903-இல் தொடங்கிய நசாம்பியாவும்.

குன்றுக்கு ஒரு கடவுள், குன்றுக்கு ஒரு மருத்துவமனை என்று பிரிந்துகிடந்த நாட்டுக்குள் 1980-களின் தொடக்கத்தில் அந்த நோய் வந்தது. விக்டோரியா ஏரிக்கரையில், தான்சானியா எல்லையை ஒட்டிய ராகாய் மாவட்டத்து மீன்பிடிக் கிராமங்களில்தான் முதலில் தெரிந்தது. ஆட்கள் வயிறு போய், காய்ச்சல் கண்டு, எலும்பும் தோலுமாக வற்றிச் செத்தார்கள். எல்லை தாண்டிக் கள்ள வணிகம் செய்தவர்கள் தான்சானிய வியாபாரிகளை ஏமாற்றியதால், அவர்கள் ஏவிவிட்ட சூனியம் என்றே ஊர் நம்பியது. உடல் வற்றிப்போவதால் அதற்கு 'ஸ்லிம்' என்று பெயர் வந்தது. லுகாண்டா மொழிக்காரர்கள் அதையே 'சிலிமு' ஆக்கிக்கொண்டார்கள்.

சூனியம் இல்லை என்று தெரிந்தபோது ஊரார் சொல்ல இன்னொரு பதில் ஆயத்தமாக இருந்தது: கடவுளின் தண்டனை. இதைச் சொன்னவர்கள் வேறு யாருமல்லர், பீடத்தில் நின்றவர்கள். சூனியக்காரன் மீது வைத்த பழி நோயாளி மீது நகர்ந்தது. சூனியத்துக்காவது பரிகாரம் இருந்தது. பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்று முத்திரை குத்தப்பட்டவனுக்கு எந்த வாசல் திறக்கும்?

* * *

திறந்த முதல் வாசல் பேராலயத்தின் வாசல் அல்ல. ஒரு வீட்டின் வாசல்.

1987-இல் முலாகோ அரசு மருத்துவமனையின் இயன்முறை மருத்துவர் நோரீன் கலீபா எய்ட்ஸில் கணவரை இழந்தார். கணவர் இங்கிலாந்தில் படிக்கப்போன இடத்தில் நோய் வெளிப்பட்டது. முன்னொரு விபத்தில் அவருக்கு ஏற்றப்பட்ட இரத்தமே காரணமாக இருக்கலாம் என்று குடும்பம் கருதியது. துக்கத்தோடு வீட்டுக்குள் முடங்காமல், தன்னைப் போலவே அடிபட்ட ஒரு சிறு கூட்டத்தைச் சேர்த்து அவர் தொடங்கிய அமைப்புதான் 'டாசோ'. அந்தத் தொடக்கக் கூட்டத்தில் பலர் தாங்களே எச்.ஐ.வி.யோடு வாழ்ந்தவர்கள். 'எய்ட்ஸால் சாகிறோம்' என்பதை விட்டு 'எய்ட்ஸோடு வாழ்கிறோம்' என்று பேசக் கற்றுக்கொடுத்தவர்கள் அவர்கள்.

அதே 1987-இல், கம்பாலாவுக்குத் தென்மேற்கே சுமார் 130 கிலோமீட்டர் தொலைவில் உள்ள மாசாகாவில், கிடோவு என்ற கத்தோலிக்க மருத்துவமனைக்கு ஒரு சிக்கல் வந்தது. நோயாளிகள் படுக்கையை நிரப்பிவிட்டார்கள். குணமாக்க மருந்து இல்லை. வீட்டுக்கு அனுப்பினால் அங்கே பார்க்க ஆளில்லை. அருட்சகோதரி அர்சுலா ஷார்ப் எளிய முடிவொன்றை எடுத்தார். நோயாளி மருத்துவமனைக்கு வர முடியாது என்றால் மருத்துவமனை நோயாளியிடம் போகட்டும்.

வண்டி புறப்பட்டது. செம்மண் பாதையில், வாழைத்தோப்புகளுக்கு நடுவே வீடு வீடாக. வண்டியில் என்ன இருந்தது? வலி மாத்திரை, வாய்ப்புண்ணுக்கு மருந்து, வயிற்றுப்போக்கில் வற்றிய உடலுக்கு உப்பு சர்க்கரைக் கரைசல், சோப்பு, கொஞ்சம் உணவு. உயிரைக் காக்கும் மருந்து என்று ஒன்றுகூட இல்லை. ஆனால் யாரும் தொடத் தயங்கிய உடம்பை ஒரு கன்னியர் தொட்டுத் துடைத்தார். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு அப்பாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். தொட்ட கன்னியருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை அடுத்த வாரமும், அதற்கடுத்த வாரமும் பார்த்தார். ஆயிரம் துண்டறிக்கைகளால் ஆகாததை அந்த ஈரத்துணி செய்தது.

கம்பாலாவின் நசாம்பியா மருத்துவமனையிலும் வீட்டுப் பராமரிப்பு இதே போலத் தொடங்கியது. அதற்குத் தூண்டுகோல், மகப்பேறு மருத்துவரான அயர்லாந்துக் கன்னியர் மிரியம் டக்கன். அவருடைய மருத்துவமனையின் கர்ப்பிணிகள் பிரிவு ஒரு கொடிய கணக்கைக் காட்டிக்கொண்டிருந்தது. 1992-இல் அங்கே வந்த கர்ப்பிணிகளில் 100-க்கு ஏறக்குறைய 30 பேரிடம் எச்.ஐ.வி. இருந்தது. மூன்று தாய்மார் வரிசையில் உட்கார்ந்தால் அவர்களில் ஒருவர்.

கத்தோலிக்கக் குன்று அசைந்துவிட்டது. பள்ளிவாசல் நின்ற குன்று?

* * *

1989-இல் உகாண்டாவின் முஃப்தி ஒரு சொல்லைப் பயன்படுத்தினார். கேட்டவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எய்ட்ஸ் மீது ஜிஹாத்!

அந்தச் சொல்லின் வேர்ப்பொருள் முயற்சி, போராட்டம். மனிதன் தன் நப்ஸோடு, தன் சொந்த ஆசைகளோடு நடத்தும் போராட்டமும் அதில் அடங்கும். நூறாண்டுக்கு முன் குன்றுகள் ஒன்றையொன்று எதிர்த்துப் போரிட்ட நாட்டில், இப்போது ஒரு குன்று நோயின் மீது போர் அறிவித்தது. அதற்கு ஒரு வருடத்துக்கு முன்புதான் முஸ்லிம் மருத்துவர்கள் சேர்ந்து உகாண்டா இஸ்லாமிய மருத்துவச் சங்கத்தைத் தொடங்கியிருந்தார்கள். டாக்டர் மாஜித் காகிமு போன்றவர்கள் முன்னின்றார்கள். மருத்துவர்கள் சொன்னால் காது கேட்கும், இமாம் சொன்னால் வீடு கேட்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

1992-இல் வேலை தொடங்கியது. ஒவ்வொரு பள்ளிவாசலின் இமாமுக்கும் பயிற்சி. அவரோடு உதவிக்கு ஓர் ஆண், ஒரு பெண். பெண் உதவியாளர் ஏன்? இமாம் நுழைய முடியாத அடுப்படிக்குள் அந்தப் பெண் நுழைவார். ஜும்ஆ உரையில் சொன்னதை அடுத்த நாள் வீட்டுத் திண்ணையில் விளக்குவார்கள். சுன்னத் செய்யும்போது ஒரே கத்தியைப் பல பிள்ளைகளுக்குப் பயன்படுத்தக் கூடாது, பிள்ளைக்கு ஒரு பிளேடு என்று அவர்கள் சொன்னது மார்க்கத்துக்குள்ளிருந்து வந்த பேச்சு. அதனால் ஊர் கேட்டது.

ஆணுறை என்ற இடத்தில் எல்லாம் நின்றது. ஒழுக்கக்கேட்டுக்கு அனுமதிச் சீட்டு கொடுப்பதா என்று இமாம்கள் எதிர்த்தார்கள். மருத்துவர்கள் சண்டை போடவில்லை. உட்கார்ந்து பேசினார்கள். கணவனுக்கு நோய் இருந்து மனைவிக்கு இல்லாத வீட்டில் அந்த மனைவியின் உயிருக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியை வைத்தார்கள். கட்டுப்பாடும் மணவாழ்வில் உண்மையும் முதல் இரண்டு வரிசை, அவை தவறும் இடத்தில் உயிர்காக்க ஆணுறை என்ற இடத்துக்குப் பேச்சு வந்து சேர்ந்தது. கத்தோலிக்கத் திருச்சபை அந்த இடத்துக்கு வரவில்லை. நோயாளியைத் தூக்கிச் சுமப்பதில் யாருக்கும் சளைக்காத திருச்சபை, இந்த ஒரு வாசலை மூடியே வைத்திருந்தது. வரலாறு எழுதுகிறவன் இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும்.

1992-இல் இன்னொன்றும் நடந்தது. உகாண்டா எய்ட்ஸ் ஆணையம் நிறுவப்பட்டது. ஆங்கிலிக்கன் ஆயர் மிசேரி கௌமா, கத்தோலிக்க ஆயர் பர்னபாஸ் ஹலெம் இமானா இருவரும் அதன் தலைமைப் பொறுப்பில் இருந்தவர்கள். மெங்கோ போர் நடந்து சரியாக நூறு ஆண்டு. எந்த இரண்டு அணிகள் துப்பாக்கி தூக்கினவோ, அந்த இரண்டு அணிகளின் ஆயர்கள் ஒரே ஆணையத்துக்குத் தோள் கொடுத்தார்கள்.

குன்றுகள் இறங்கி வந்துவிட்டன. ஆனாலும் ஒன்று மட்டும் குறையாக நின்றது. கன்னியர் நோயாளியைத் தொட்டார். இமாம் நோயாளிக்காகப் பேசினார். ஆயர் நோயாளிக்காக ஆணையத்தில் உட்கார்ந்தார். எல்லாருமே நோயாளி என்பவர் எதிர்ப்பக்கம் இருக்கிறார் என்று நினைத்தே பணிசெய்தார்கள். பீடத்துக்குப் பின்னால் நிற்பவருக்கே அந்த நோய் இருந்தால்?

* * *

கிடியோன் பியாமுகிஷாவின் பரிசோதனை முடிவு வந்தது. எச்.ஐ.வி. உண்டு.

அவர் முன்னால் அப்போது இருந்த வழிகளை எண்ணிப் பாருங்கள். மனைவி மறைந்துவிட்டாள். குழந்தை சிறியது. நோயின் அறிகுறி எதுவும் வெளியே தெரியவில்லை. வாயைத் திறக்காமல் இருந்தால் இன்னும் சில ஆண்டுகள் குருவானவர் என்ற மரியாதையோடு வாழலாம். திறந்தால் திருவிருந்துக் கிண்ணத்தை அவர் கையிலிருந்து சபை வாங்குமா? அவர் ஞானஸ்நானம் கொடுக்கக் குழந்தையை யார் நீட்டுவார்கள்? தண்டனை என்று அந்தப் பீடம் சொல்லிவந்த சொல், இனி அந்தப் பீடத்தில் நிற்பவரையே சுட்டும்.

1992-இல் அவர் சொன்னார்.

உடன் பணியாற்றியவர்களிடமும் சபையின் மூத்தவர்களிடமும் சொன்னார். பிறகு ஊரறியச் சொன்னார். ஆப்பிரிக்கக் கண்டத்தில் தனக்கு எச்.ஐ.வி. இருப்பதை வெளிப்படையாக அறிவித்த முதல் சமயத் தலைவர் என்று அவர் பெயர் வரலாற்றில் நிற்கிறது.

சபை அவரைத் துரத்தவில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பயந்ததெல்லாம் நடக்கவில்லை. முணுமுணுப்பு இருந்தது, ஒதுங்கியவர்கள் இருந்தார்கள். ஆனாலும் அவர் குருவானவராகவே தொடர்ந்தார். பின்னாளில் நமிரெம்பே மறைமாவட்டத்தின் எய்ட்ஸ் பணி அவர் கைக்கு வந்தது. நோயாளிகளுக்குப் பணிசெய்ய நோயாளியாகவே ஒரு குருவானவர் வந்தார். ஆலயத்தின் பின்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தவர்கள், தங்களில் ஒருவர் முன்னால் நிற்பதைப் பார்த்தார்கள். 1995-இல், எய்ட்ஸில் கணவரை இழந்து, எச்.ஐ.வி.யோடு வாழ்ந்த ஒரு பெண்ணை அவர் மணந்தார். பின்னர் மருத்துவத்தின் துணையோடு அவர்களுக்குப் பிறந்த பெண் குழந்தைகளுக்கு எச்.ஐ.வி. இல்லை.

அவர் ஊர் ஊராகச் சொல்லிவந்ததன் சாரம் இதுதான்: இந்தக் கிருமியை மருத்துவம் பார்த்துக்கொள்ளும். ஆளைக் கொல்வது அதோடு சேர்ந்து வருபவை. இழிவுபடுத்துதல், வெட்கம், மறுப்பு, பாகுபாடு, ஒன்றும் செய்யாதிருத்தல், தவறாகச் செய்தல் ஆகிய ஆறு. இந்த ஆறும் மருத்துவமனையில் பிறப்பதில்லை. நம் வீட்டிலும், தெருவிலும், வழிபாட்டு இடத்திலும் பிறக்கின்றன. பிறந்த இடத்தில்தான் அவற்றைத் தீர்க்க முடியும் என்பதால்தான் சமயங்களின் பொறுப்பு இதில் இவ்வளவு பெரியது. கெலனின் இரத்தத்தில் என்ன இருந்தது என்பதை ஒரு குடும்பம் ஆறு மாதம் மறைத்தது கொடுமையினால் அல்ல, வெட்கத்தினால். அந்த வெட்கத்தைக் கற்றுக்கொடுத்ததில் பீடத்துக்குப் பங்கு உண்டு. அதை அழிக்கும் கடமையும் பீடத்துக்கே உண்டு.

* * *

பலன் தெரிந்தது. 1990-களின் தொடக்கத்தில் உகாண்டாவின் வயது வந்தோரில் 100-க்கு 15 பேர் அளவில் இருந்த எச்.ஐ.வி., 2001 வாக்கில் 100-க்கு 6 பேர் அளவுக்கு இறங்கியது. அரசின் வெளிப்படையான பேச்சு, டாசோ, பாடகர்கள், ஆசிரியர்கள் என்று பலரின் உழைப்பு அதில் இருக்கிறது. மாண்டுபோனவர்களின் எண்ணிக்கையும் அந்தக் கணக்கைக் குறைத்தது என்பதையும் மறக்கக் கூடாது. ஆனால் குன்றுகள் அசையாமல் இருந்திருந்தால் கிராமத்து வீடுகளுக்குள் அந்தப் பேச்சு நுழைந்திருக்காது.

ஏற்கெனவே கிருமியைச் சுமந்தவர்களின் கதி?

1996-இல் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் சிகிச்சை வந்துவிட்டது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சாகக் கிடந்தவர்கள் எழுந்து வேலைக்குப் போனார்கள். மாசாகாவின் வாழைத்தோப்புகளில் வழக்கம்போல மரப்பட்டைத் துணி சுற்றிப் பிணங்களைப் புதைத்துக்கொண்டிருந்தார்கள். காரணம் ஒன்றே ஒன்று, விலை. ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல். கன்னியரின் வண்டி சோப்பை ஏற்றிச் சென்றது, உணவை ஏற்றிச் சென்றது, ஜெபத்தை ஏற்றிச் சென்றது. அந்த மருந்தை மட்டும் ஏற்றிச் செல்ல அதற்கு வழியில்லை.

2001 பிப்ரவரியில் மும்பையிலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. சிப்லா நிறுவனத்தின் தலைவர் யூசுஃப் ஹமீது, அதுபோன்ற மூன்று மருந்துக் கூட்டை எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாகச் சொன்னார். ஒரு நாளைக்கு ஒரு டாலருக்கும் குறைவு.

உலகின் பெரிய மருந்து நிறுவனங்கள் காப்புரிமைச் சட்டத்தைக் கையில் பிடித்திருந்தன. தென்னாப்பிரிக்க அரசையே நீதிமன்றத்துக்கு இழுத்திருந்தன. அந்த ஒரு டாலர், மாசாகாவின் செம்மண் பாதையில் காத்திருந்த வண்டியை எட்டியதா?

அடுத்த வாரம் பார்ப்போம். அதற்குள் நம் ஊர் ஆலயத்தில், கோயிலில், பள்ளிவாசலில் எச்.ஐ.வி.யோடு வாழும் ஒருவர் பயமின்றி வந்து உட்கார இடம் இருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை பார்த்துவையுங்கள்.

(தொடரும்)